தக்காளி சாகவில்லை

அடையாறிலிருந்து தி.நகர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் அழாத குறையாகச் சொன்னாள்: "என் தக்காளிச் செடி ஒண்ணுகூட சாகலைடி."

"நல்லதுதானே?" என்றாள் தோழி.

"எது நல்லது? பாக்டீரியா செடியை எப்படிக் கொல்லுதுன்னு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சியே. கிருமியை ஊசியில ஏத்தி ஏத்தி இலையில குத்தறேன். எல்லாம் தளதளன்னு நிக்குது. அடுத்த வாரம் கைடுகிட்ட என்னத்தைக் காட்டுவேன்?"

"பாக்டீரியா செத்துப்போச்சா?"

"எங்க லேப்ல கூட்டுற அக்கா டெய்லி புளிச்ச மோர் தெளிச்சிருக்காங்க. 'இன்னா பாப்பா, செடி வாடிக்கினு இருந்துச்சி, நீ பாத்துக்கினு நின்னியே'ன்னு என்னையே கேக்கறாங்க."

கோட்டூர்புரத்தில் நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"தெளிக்காதீங்கன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றது? இலையில ஊசி குத்தின தடத்தை அக்கா பார்த்துட்டாங்க. எந்தப் பாவி இந்த வேலை பண்றான்னு கையும் களவுமா பிடிக்கணுமாம். மூணு நாளா, ஊசியைப் பையில வச்சுக்கிட்டு, நானும் அவங்ககூட காவல் நிக்கறேன்."