பெரிய வீட்டாரின் பெயர்

என் பெயர் புருல் கெஞ்சேபாயெவா. வயது முப்பத்தொன்று. கிசில்-புலாக் கிராமம், மேல் தெரு, கால்வாயை ஒட்டிய கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். தொழில் என்று எழுத ஒன்றுமில்லை. இரண்டு பசுக்கள், கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலம், ஆப்ரிகாட் மரங்கள், ஒரு மகள். காவலில் இருக்கும் தாலாய் என் கணவர். இந்த அறைக்குள் என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. அறைக்கு வெளியே நடந்தவற்றைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

இதில் நான் பெரிய வீட்டார் என்று சொல்வது என் கணவரின் மூத்த அண்ணனை. கணவனுக்கு மூத்த ஆண்களின் பெயரைக் கெலின், அதாவது மருமகள், வாயால் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. விசாரணை அதிகாரி பெயரைக் கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அதற்கு அவர், "அக்கா, எங்க வீட்லயும் இந்தக் கதைதான். எங்க அம்மா இன்னைக்கும் பெரியப்பாவ 'தொப்பிக்காரர்'னுதான் கூப்பிடுது. ஆனா பெரிய வீட்டார்னு யாருக்கும் பாஸ்போர்ட் கிடையாதுக்கா" என்றார். பெயரைக் கடைசியில் கேட்கும்படி கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்.

எங்கள் வழக்கப்படி தகப்பன் வீடு கடைசி மகனுக்கு. மாமனார் இறந்த பிறகு வீடும் பின்னால் உள்ள தோட்டமும் என் கணவர் பெயருக்கு வந்தன. பெரிய வீட்டார் அதே தெருவில் தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போனாரே தவிர அந்தத் தோட்டம் தம்பியுடையது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் கதவைத் தட்டாமலே வருவார். என் கணவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தகப்பனுக்குப் பிறகு வளர்த்தவர் அவர்தான்.

இந்த வசந்தத்தில் நாங்கள் மக்காச்சோளம் போட்ட பிறகு பெரிய வீட்டார் வந்து வரிசைகளுக்கு நடுவே கஞ்சா விதை ஊன்றினார். அது எங்கள் பக்கம் சாலை ஓரத்தில் தானாகவே முளைக்கிற செடிதான். அதனால் நான் முதலில் அவ்வளவாகப் பயப்படவில்லை. என் கணவர் மட்டும் வேலி ஓரம் நின்று, "அண்ணே, இது வேணாமே" என்றார். பெரிய வீட்டார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சோளத்தப் பாரு, உசரமா வளக்கணும்" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சியது நான். என் சோளத்துக்குத்தான் பாய்ச்சினேன். தண்ணீர் ஆள் பார்த்துப் பாயாது.

கோடை முடியும்போது கஞ்சாச் செடிகளின் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் பிடித்தது. இலை புள்ளி விழுந்து, மெல்லிய வலை கட்டி, சுருள ஆரம்பித்தது. முட்டைக்கோஸுக்குச் செய்வதுபோலச் சாம்பலும் சோப்புத் தண்ணீரும் தெளிக்கலாம் என்று பெரிய வீட்டாரின் மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். பெரிய வீட்டாருக்குப் பொறுமை இல்லை. உருளைக்கிழங்கு வண்டுக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டுவந்தார். அது அடித்த நிலத்தில் நாங்கள் மாட்டை விடமாட்டோம். எங்கள் கொட்டகையில் இருந்த முதுகுத் தெளிப்பானை எடுத்து, கைப்பிடி முறிந்துவிடும்போல் அடித்துத் தள்ளினார். அப்போது செடி பூத்து அறுக்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டது. நான் பால் வாளியோடு நின்று, "நாளைக்கு அறுக்கப்போறதுக்கு இன்னைக்கு விஷம் அடிக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"திங்கவா போறோம்? ஊதத்தான போறாங்க. நெருப்புல விஷம் செத்துரும்."

அதன் பிறகு தெளிப்பானைக் கழுவி வைக்கச் சொன்னார். நான் கால்வாய்க்குக் கொண்டுபோய், கரையில் இருந்த பெரிய கெட்டியானதன்மேல் வைத்துக் கழுவினேன். கெட்டியானது என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். தரையில் கிடப்பது, சுவர் கட்டுவது என்றேன். பெரிய வீட்டாரின் பெயருக்குள் அந்தச் சொல் இருப்பதால் அதையும் நான் சொல்வதில்லை. மறுநாள் கால்வாயில் கீழ்வீட்டு வாத்துகள் மிதந்தன. நரி வேலை என்றார்கள். நரி கடிக்காமல் கொல்லுமா என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

செடிகளை அவர் அறுத்து, ஆப்ரிகாட் உலர்த்தும் பரணில் என் தட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கொத்துக்கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார். வாசம் தெருவுக்கு வராமலிருக்கக் கொட்டகைக் கதவுக்குத் தார்ப்பாய் போட்டு, அதன் அடியில் கெட்டியானதை வைத்து அழுத்தினார். உள்ளே வேறு யாரும் வரக்கூடாது, நான் மட்டும் பெருக்கலாம் என்றார். பெருக்கினேன். கொத்துகளுக்குக் கீழே ஈக்கள் செத்துக் கிடந்தன. அடுத்த நாள் குளவிகளும் கிடந்தன. அதற்கடுத்த நாள் ஒரு சிட்டுக்குருவி, அலகு திறந்தபடி. அதை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய வீட்டாரிடம் காட்டினேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு, ஈத்தொல்ல விட்டுச்சு" என்றார். அன்றிலிருந்து என் மகளைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை.

அதன் பிறகு காய்ந்ததை மூட்டை கட்டி ஏற்ற எங்கள் தெருமுனை ரிசாலி வேன் கொண்டுவந்தார். இறந்துபோனவர் அவர்தான். பயணிகள் வேன் ஓட்டுபவர், வாய் ஓயாமல் பேசுகிறவர், பிரசவத்துக்கு என்னை ஏற்றிப் போனதும் அவர்தான். மூட்டை ஏற்றியதும் பெரிய வீட்டார் அவருக்குத் தொப்பி நிறைய அள்ளிக் கொடுத்தார். ரிசாலி, "பால்ல காய்ச்சிக் குடிச்சா முதுகுவலிக்குக் கேக்கும்" என்றார். பாலில் காய்ச்சினால் நெருப்பில் எரியாது, உள்ளேதான் போகும் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. பெரிய வீட்டாருக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். மூத்தவர் பேசும்போது மருமகள் குறுக்கே பேசுவதில்லை. நான் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்து, "கை நல்லா கழுவிட்டு ரொட்டியத் தொடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"எங்கம்மாவும் இதத்தான் சொல்லும். உங்க ரெண்டு பேருக்கும் என் கையில என்னதான் கோவமோ" என்றார் ரிசாலி. கழுவினார். சாப்பிட்டார். தொப்பியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பாலில் காய்ச்சிக் குடித்த ரிசாலி வாயில் நுரை தள்ளி, கண்மணி சுருங்கி, மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவருடைய வேனிலேயே இறந்தார். அவர் வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டு உடலை வைத்தார்கள். வருகிற ஆண்கள் தெருவிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வரவேண்டும். பெரிய வீட்டார் எல்லோரையும்விடச் சத்தமாக, "என் கூடப்பிறந்தவனே, என்னை விட்டுப் போனியே" என்று அழுதுகொண்டு, கோலில் சாய்ந்தபடி வந்தார். நான் உள்ளே பெண்களோடு உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரிசாலியின் மனைவி என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து குதிரை இறைச்சி பரிமாறினார்கள். பெரிய வீட்டார் நன்றாகச் சாப்பிட்டு, தன் பங்கில் மீந்ததை வழக்கப்படி பையில் கட்டி எடுத்துக்கொண்டார். அந்தப் பையை வழியில் என்னிடம் கொடுத்து, குழந்தைக்குக் கொடு என்றார். நாய்க்குப் போட்டேன்.

அதன் பிறகு ரிசாலியின் உடலில் வண்டு மருந்து இருந்ததாக மருத்துவமனையிலிருந்து அறிக்கை வந்து, போலீஸ்காரர்கள் தெருவில் தேடி எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். பரணில் காம்புகளும் கயிறுகளும் இருந்தன. தெளிப்பான் இருந்தது. பெரிய வீட்டார் அதற்குள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். யார் வளர்த்தது என்று என்னைக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்து, பெரிய வீட்டாரைக் கேளுங்கள் என்றேன். அவரைக் கேட்டார்கள்.

"எங்க கெலினுக்குப் பேசக் கூச்சம். வீடு தம்பியோடது, தோட்டம் தம்பியோடது. அதுக்கு மேல மூத்தவன் நான் என்னத்தச் சொல்ல?"

என் கணவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு எழுந்து, கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார். மகள் அவருடைய காலணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியூர் போகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

சாவும் சேர்ந்திருப்பதால் பல வருஷம் உள்ளே போடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். என் கணவருக்கு நெஞ்சில் சளிக்கட்டு உண்டு. குளிர்காலத்தில் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருமிக்கொண்டிருக்கிறவர். சிறையில் அவர் தாங்கமாட்டார். அது அவர் அண்ணனுக்கும் தெரியும். பெரிய வீட்டார் மறுநாள் வந்து, மீதி மருந்து இருந்த டப்பாவை எங்கள் சாப்பாட்டு மேசையில், மகளின் பால் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கிழங்குக்கு ஆகும், வச்சுக்கோ. வீட்ல குழந்த இருக்கு, பத்திரம்" என்றார். அதன் பிறகு, "நீ வந்த நாள்லேருந்து என் பேர் உன் வாயில வந்ததே இல்ல. ஊரே சொல்லும், கெலின்னா தாலாய் பொண்டாட்டி மாதிரி இருக்கணும்னு. அந்த நல்ல பேரக் கெடுத்துக்காத" என்றார்.

அந்த டப்பாவைத்தான் இன்று துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். அதன் மூடியில் அவர் கை பட்டிருக்கிறது. என் கை படவில்லை.

காவல் நிலையத்தில் என் கணவரைப் பார்த்தேன். இருமினார். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "அண்ணன் தோள்ல வளந்தவன் நான். அவர் பேர நீ சொன்னேன்னு கேட்டா, விடுதலையாகி வந்தாலும் உன் வாசல்ல கால் வைக்கமாட்டேன். நெனப்புல வச்சுக்கோ" என்றார். நான் துவைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு அழுக்குச் சட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம். அவர் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது. இரண்டும் நிஜம், இரண்டையும் எழுதிக்கொள்ளலாம்.

இன்று காலை பெரிய வீட்டார் தன் காரில் என்னை இங்கே கூட்டிவந்தார். வழியில் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். "செடி என் புருஷனோடது, மருந்தும் அவர்தான் அடிச்சார்னு சொல்லு. அப்புறம் அழு. அழுதா சீக்கிரம் விட்டுருவாங்க." மகள் எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன். அது பொய். மகளை நேற்றே மலைக்கு அந்தப் பக்கம், என் அக்காவிடம் அனுப்பிவிட்டேன். பசுக்களைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டேன். இப்போது அவர் இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இருமல் இங்கே கேட்கிறது. தம்பியின் இருமல் மாதிரியேதான் இருக்கிறது.

அதிகாரி மறுபடியும் பெயரைக் கேட்டார். எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டேன். வாயால் சொன்னால்தான் பதிய முடியும், நீதிமன்றத்திலும் சொல்லவேண்டி வரும் என்றார். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார். குடித்தேன். என் கணவர் என் வாசலில் கால் வைக்காமல் போனாலும், ஏதோ ஒரு தெருவில் அவர் கால் நடந்துகொண்டிருந்தால் எனக்குப் போதும்.

விதை ஊன்றியவர், மருந்து அடித்தவர், காயவைத்தவர், ரிசாலியின் தொப்பியில் தெரிந்தே அள்ளிப் போட்டவர், தாஷ்தான்பெக். இன்னொரு முறை கேட்டாலும் தாஷ்தான்பெக்.

மேலே இரண்டு இடங்களில் கெட்டியானது என்று இருப்பதைக் கல், எங்கள் மொழியில் தாஷ், என்று மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டும்போது அறைக் கதவைத் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதிகாரி முதலில் தயங்கினார். அதன் பிறகு வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து உரக்க வாசித்தார். பெயர் வந்த இடத்தில் வெளியே இருமல் நின்றது. பெஞ்ச் நகர்ந்தது. காவலர் ஒருவர், "நீங்க உக்காருங்க, உங்ககிட்டயும் பேசணும்" என்று சொன்னது கேட்டது.

அதன் பிறகு சம்மன் அனுப்ப எந்த முகவரி என்று அதிகாரி கேட்டார். தொடக்கத்தில் சொன்ன முகவரியை அடித்துவிடச் சொன்னேன். புதியது தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன்.

சொன்னது அத்தனையும் உண்மை. இதில் ஒரு சொல்கூட யாரும் எனக்குச் சொல்லித்தந்ததல்ல. கூட்டவும் குறைக்கவும் எதுவுமில்லை என்று ஒப்புக்கொண்டு, என் கையால் இடும் கையெழுத்து:

புருல், தாலாயின் மனைவி