லேப்டாப், போன், பால்

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. கைக்குழந்தை கணவனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரரிடம் அவன் கேட்டான்: "அண்ணாச்சி, லேப்டாப், போன், பால், மூணுக்கும் சேத்து ஒரே சார்ஜர் இருக்கா?"

"பாலுக்கா?"

மனைவி அவன் முழங்கையைக் கிள்ளினாள். "மெதுவாப் பேசுங்க."

"பால் எடுக்குற மெஷினுக்கு அண்ணாச்சி. நாளைக்கு ஆபீஸ் டிரெய்னிங்னு மெட்ராஸ் போறா. மூணு நாள். எடுக்காம விட்டா கட்டிக்கிட்டு காய்ச்சல் வந்துரும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இதுல மூணும் ஏறும். ஆனா சேத்துப் போட்டா லேப்டாப் மெதுவாத்தான் ஏறும்."

"லேப்டாப் நின்னு போச்சுன்னா மேனேஜர் திட்டுவாரு" என்றாள் அவள்.

"திட்டட்டும். மெஷினுக்கு முதல்ல போடு. வலியோட உக்காந்து என்னத்தப் படிப்ப?"

அவள் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலங்க. திரும்பி வரும்போது இவன் என்னைய மறந்திருந்தா? எங்கிட்ட குடிக்க மாட்டேன்னுட்டா?"

"ஏளா, மூணு நாள்லயா மறப்பான்? நீ அங்கன விடாம எடுத்தாத்தான் வந்தப்புறம் இவனுக்குப் பால் இருக்கும். அதுக்குத்தான இவ்வளவு தேடுதேன்."

"வயர் எவ்வளவு நீளம் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"நீளமாக் குடுங்க அண்ணாச்சி. சுவரை ஒட்டி நின்னுக்கிட்டு எடுக்க வேண்டாம். கட்டில்ல சாஞ்சு உக்காந்து எடுக்கட்டும்."

அவள் குழந்தையின் பாதத்தை மெல்ல விட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு மீட்டர் குடுங்க அண்ணாச்சி" என்றாள்.