லத்தீன் தெரியாத மாடுகள்

ஐயோ, அந்த ஏரை விடுங்கய்யா. கட்டிப்பிடிச்சுக் கண்கலங்குனா அது என்ன, தானா உழுதுருமா? ஆமா, இதேதான் நீங்க வாங்குன பண்ணை. நான் ஜெடிடயா பிளம்மோட பொண்ணு, கெசையா. அப்பாவா? சொல்றேன், இருங்க.

அவர் புஸ்தகத்தப் படிச்சுட்டு எல்லாத்தையும் வித்துட்டா வந்தீங்க? எல்லாத்தையுமா?

உழவன் யாருக்கும் குனிய வேண்டியதில்லன்னு ஒரு வரி வருமே, அத அவரு எழுதுனப்ப நான் சன்னலுக்கு வெளிய உருளக்கெழங்கு தோண்டிட்டு இருந்தேன். குனிஞ்சுதான். இடுப்பு வலிக்குதுப்பான்னேன். யோசன கலையுதுன்னு சன்னலச் சாத்திட்டாரு.

அவரா? ஏர் பிடிச்சாரே. ஒரே ஒரு நாள். ரோமாபுரில சேனாதிபதிங்களே உழுதாங்களாம், அதனால லத்தீன்லதான் ஓட்டுவேன்னாரு. எங்க மாட்டுக்கு ஜீன்னா வலது, ஹான்னா இடது. லத்தீன் எல்லாம் தெரியாது, என்னாட்டம். இவரு ஒரு கையில புஸ்தகத்த வச்சுக்கிட்டு ஏதோ நீட்டி முழக்குறாரு. ரெண்டு மாடும் ஒன்ன ஒன்னு பாத்துக்கிச்சு. அப்புறம் நேரா நடக்க ஆரம்பிச்சது பாருங்க! வேலி போச்சு, பாதிரியாரோட முட்டக்கோஸ் போச்சு, ஓடைல போயி நின்னுச்சு. கழுத்தளவு தண்ணில நின்னுக்கிட்டு அப்பா அடுத்த அத்தியாயத்தச் சொல்றாரு, நான் கரைல உக்காந்து எழுதுறேன். நீரோடையின் அமைதின்னு வரும். அத வாசிச்சுட்டா அழுதீங்க?

சிரிங்கய்யா. நான் மூணு நாள் சிரிச்சேன்.

அட, அப்பாவக் கொட்டகைல போயித் தேடாதீங்க, அங்க இல்ல. பக்கத்துலயே இருந்து கத்துக்குடுக்கறேன்னு கடுதாசி போட்டாரா? அவரா? நேத்தே பிலடெல்பியா போயிட்டாரு. எதுக்கா? ஏன்யா, அங்க நீங்க வித்த தொப்பிக்கடைய வாங்குனது யாருன்னு தரகர் சொல்லலியா?

அவருதான். நெழல்ல உக்காந்து பாக்குற வேலையாம். மழையோ வெயிலோ, தொப்பி வாடாதாம்.

மொறைக்காதீங்க, நானா வாங்குனேன்? ஏரக் குடுங்க, ஒரு சால் ஓட்டிக் காட்டறேன். ஒன்னுதான். அதுக்குள்ள உங்க சம்சாரத்த வண்டிய விட்டு எறங்கச் சொல்லுங்க. வண்டிக்காரரு திரும்பிப் போறப்ப என்னை ஏத்திக்கிறேன்னுட்டாரு.