ஒரே பக்கெட்டில் பல்செட்டுகள்

ஞாயிறு மதியம், தாம்பரத்திலிருந்து கிளம்பிய மின்சார ரயில். முதியோர் இல்லத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த அக்காவும் தம்பியும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பது வயதுக்கு மேல். அக்கா மடியில் பிரிக்காத முறுக்குப் பொட்டலம்.

"அப்பா வாயில இருந்தது அவரோட பல்லே இல்லடா."

"என்னக்கா சொல்றே?"

"நீ ஆபீஸ் ரூம்ல பணம் கட்டப் போனப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லார் பல்செட்டையும் ஒரே பக்கெட்டுல போட்டுக் கழுவறாங்க. அப்புறம் தட்டுல வச்சு, பொருந்தறத எடுத்துக்குங்கன்னு நீட்டறாங்களாம்."

"மேட்ரன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'டெட்டால் ஊத்தித்தான் கழுவறோம், மேடம்'னா."

"ஆளுக்கொரு டம்ளர்ல பேர் ஒட்டி வச்சா என்னவாம்?"

"டம்ளர் வரிசையா இருந்தா பார்க்க வர்றவங்களுக்கு அருவருப்பா இருக்குமாம்."

"பேஜார்! அப்பா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"வாயைத் திறந்தா பல்லு விழுதே. பத்து நாளா வெறும் கஞ்சி. கழுத்தெலும்பு தெரியுது."

"அவரோடது யார்கிட்ட இருக்கு?"

"பக்கத்துக் கட்டில் வாத்தியார்கிட்ட. அவருக்குக் கச்சிதமா பொருந்திடுச்சாம். பாவம், நல்லா சாப்பிடறார், எப்படிக் கேட்கறதுன்னு அப்பா விட்டுட்டார்."

"இவர் பட்டினி கிடந்து அவருக்குத் தானமா? எழுந்திரு, திரும்பிப் போலாம். நான் கேட்கறேன்."

அடுத்த நிலையமான சானடோரியத்தில் ரயில் நின்றது. தம்பி முதலில் இறங்கினார். பின்னால் இறங்கிய அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல வாத்தியார் பல்லு யார் வாயில இருக்குன்னு தேடு. அது கிடைக்காம அவர்கிட்ட கேட்டுடாதே."