வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

மருந்துக்கடை மாடியில் இரண்டு அலமாரிகளோடு கிளை திறந்த நாளில் சாவியைக் கையில் வாங்கியவரே, கூரை ஒழுகிய மழைக்காலங்களில் புத்தகங்களைப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்தவரே, முப்பத்தோராண்டு எங்கள் கிளை நூலகராய் இருந்து இன்று ஓய்வுபெறும் அம்மா, வணக்கம்.

மாடியிலிருந்து பழைய பால் நிலையத்துக்கும், அங்கிருந்து இந்த ஓட்டுக் கட்டடத்துக்கும் கிளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தீர்கள். இரண்டு அலமாரி பத்தொன்பது ஆயிற்று. பாராட்ட இன்னும் நிறைய உண்டு. எனக்குச் சபையில் பேச வராது. துப்புரவு அக்கா, "நீதான் படிச்சவ, நீயே எழுது" என்று ஒதுங்கிக்கொண்டார். அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாளுக்கு ஐம்பது கையெழுத்தாவது வருகைப் பதிவேட்டில் இல்லாத கிளைகள் மூடப்படும் என்று ஈராண்டுக்கு முன் சுற்றறிக்கை வந்தது. நான் ஒரு வாரம் ஆட்களை எண்ணினேன். சராசரி எழுபத்திரண்டு பேர். கையெழுத்து பதினேழு. செய்தித்தாள் பார்க்க வருபவர்கள் போடுவதில்லை. தினமும் வரும் தையற்காரரிடம் பதிவேட்டை நீட்டினால், "கல்யாணத்துக்கே நான் கையெழுத்துப் போட்டதில்லம்மா, பேப்பர் பாக்கவா போடுவேன்?" என்பார்.

மீதியை நானே நிரப்புகிறேன் என்றேன். "வந்தவங்க கையெழுத்த வந்தவங்கதாம்மா போடணும்" என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். காரணத்தைச் சொல்லி அவர்களிடம் கேட்கலாமா என்றேன். "பயமுறுத்தி வாங்குற கையெழுத்தும் வேண்டாம்" என்றீர்கள்.

அந்த நேர்மையைத்தான் இன்று பாராட்டுகிறோம். கிளை மூடப்படுவதும் அதனால்தான். உங்கள் நாற்காலிக்கு இன்னொருவர் வரப்போவதில்லை. திங்கட்கிழமை லாரி வருகிறது. அலமாரிகள் எங்கே போகும் என்று உத்தரவில் இல்லை.

பதிவேட்டைத் தலைமை நூலகம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. செய்தி தெரிந்ததும் தையற்காரர் வந்தார். "ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனா?" என்று கேட்டார். இந்த மடலுக்காக வைத்திருந்த தாளின் கீழ்ப்பகுதியை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார். இந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள்.

அம்மா, நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும். நாளை முதல் நீங்களும் ஒரு வாசகர். காலையில் போய் உட்கார உங்களுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உதவியாளர்
துப்புரவுப் பணியாளர்

ஊழியர்கள் நாங்கள் இருவர்தான். இதன் கீழே உள்ள அறுபத்தெட்டுக் கையெழுத்துகளும் வந்தவர்கள் தாமே போட்டவை.