எல்லாருக்கும் எடது பக்கம்தான் செவக்குது

...படத்துல செவப்பே இருக்கக் கூடாதாம் சார். பாக்கறவங்க பயந்துருவாங்களாம். விற்பனை மேனேஜர் சொல்றாரு. இது என்ன கல்யாணப் பத்திரிகையா, கலர் பாத்து அச்சடிக்க? நீங்க ஒக்காந்திருக்கிற நாற்காலி மேல அழுத்தத்த அளக்கற ஒரு விரிப்பு இருக்கு பாருங்க... இல்ல, பாக்காதீங்க, ஆடக் கூடாது. பேசவும் கூடாது. இருபது நிமிஷம் சும்மா ஒக்காந்திருந்தாப் போதும், பேசுற வேலைய நான் பாத்துக்கறேன். ஒடம்பு எங்க ரொம்ப அழுத்துதோ அந்த எடம் என் கம்ப்யூட்டர்ல செவப்பாத் தெரியும். அழுத்தாத எடம் நீலம். பச்சக் கொழந்தைக்குக்கூடப் புரியும். எங்க டீமுக்குப் புரியாது.

இஞ்சினியருக்குச் செவப்பப் பாத்தாலே இரும்பு ஒடையப் போவுதுன்னு நெனப்பு. ஒடனே ரெண்டு கம்பி சேத்துருவாரு. டாக்டரம்மாவுக்குப் படமே ஆகாது, நம்பர்தான் வேணும், அதுவும் புள்ளிக்கப்புறம் மூணு நம்பர். ஒரே நாற்காலி, நாலு பேருக்கு நாலு படம். நாலாவது ஆளு இத டிசைன் பண்ணினவ. வேற யாருமில்ல சார், என் நாத்தனார்.

சிரிக்காதீங்க, படம் ஆடுது.

வீட்லயும் அவதான், ஆபீஸ்லயும் அவதான். அண்ணி, தெரச்சீலை கலர் சரியில்ல. அண்ணி, உங்க படத்துல எழுத்து பெருசு. எட்டு மாசமா இந்த நாற்காலிதான் அவளுக்கு எல்லாம். சாப்பாட்டு மேஜை மேலயே மெத்தை நுரைய அறுத்துட்டு இருப்பா, தட்டு வைக்க எடம் இருக்காது. இப்ப என்னாச்சு? முப்பது பேரு ஒக்காந்தாங்க. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை. அத்தன பேருக்கும் பதினோராவது நிமிஷத்துல எடது பக்கம் செவக்குது. நாலு மணி மீட்டிங்ல நாற்காலியத் தூக்கிப் போடப் போறாங்க. நேத்து சமையக்கட்டுல நின்னு அழுதா. பாவமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. நீங்க முப்பத்தோராவது ஆளு, சும்மா ஒப்புக்கு.

பத்து நிமிஷம் ஆயிடுச்சா? இதுக்கு மேல எல்லாரும் போரடிச்சு நெளிவாங்க, அதனால நான் படத்தக் காட்டிருவேன். இப்படித் திரும்புங்க சார், எடது பக்கம், என் கம்ப்யூட்டரப் பாருங்க. எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கேன்ல? இது உங்க தொடை, இது...

இருங்க.

நேராத் திரும்புங்க. நீலம். மறுபடி இந்தப் பக்கம் பாருங்க... செவப்பு.

ஐயோ. முப்பது பேரையும் நான்தானே சார் திருப்பியிருக்கேன்.

மணி என்ன? மூணு அம்பத்தஞ்சா? டாக்டரம்மா முன்னாடி, இஞ்சினியர் முன்னாடி, அவ முன்னாடி நின்னு இத எப்படிச் சொல்றது... சொல்லாமலே விட்டா? யாருக்குத் தெரியப் போவுது, உங்களுக்கும் எனக்கும்தானே... அப்படிப் பாக்காதீங்க சார். போறேன், போறேன்.

நீங்க எந்திரிக்காதீங்க. மொதல்லருந்து இருபது நிமிஷம் ஓட விட்டுட்டுப் போறேன். நான் ரூம்ல இல்லன்னா சரியா வரும்.