பிள்ளையைக் கொண்டுபோன பேர்

— இன்னொரு வாட்டி சொல்லுங்க, கம்பவுண்டரய்யா. அந்த நோவுப் பேரோட வால் மட்டும்தான் நாக்குல நிக்குது.

— பாரும்மா தேவகி, மூளைக்காய்ச்சல்னு சொல்லிட்டுப் போயேன். பொதட்டூர்பேட்டையில இந்த இங்கிலீசு யாருக்குப் புரியப் போவுது?

— புரியவே வாணாங்க. காய்ச்சல்னா ஏன் வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு நோண்டுவாங்க. டாக்டரு சொன்ன பேருன்னா வாய மூடிக்குவாங்க. எம்புள்ள ராஜவேலுவ மண்ணுல வெச்சாச்சு. இந்தப் பழியையும் நான் சொமந்துகினு இருக்கணுமா?

— பாரும்மா, என்ன பழி?

— ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினப்ப நான் தூரம். தீட்டோட புள்ளயத் தூக்கினு போனா முருகன் சும்மா வுடுவானா?

— மாமியாரு சொல்றாங்களா?

— காதுல கேட்டுகினே இருக்குதுங்க. ஊருக்குப் போற கரிப்புகை பஸ்ஸு கெளம்பிடும், பேரச் சொல்லுங்க.

— சரி, துண்டு துண்டா வெச்சுக்க. செரிப்ரோ.

— செரிப்ரோ. அது இன்னாங்க?

— மூளை. அடுத்தது ஸ்பைனல். முதுகுத்தண்டு.

— இஸ்பைனல். ஆங், அதான் வில்லாட்டம் வளைஞ்சிகினான். நைனா நைனான்னுதான் கத்தினான். என்னைக் கூப்புடவே இல்லீங்க.

— அழாத, பாரும்மா. மெனிஞ்ச், அது மூளையச் சுத்தி இருக்குற சவ்வு. ஐட்டிஸ்னா வீக்கம். ரெண்டும் சேந்தா மெனிஞ்சைட்டிஸ். ‘ஞ்சை’ல அழுத்து, மத்தத லேசா வுடு.

— மெனிஞ்... மெனிஞ்சைட்டிஸ். செரிப்ரோ இஸ்பைனல் மெனிஞ்சைட்டிஸ்.

— அவ்ளோதான். டாக்டரே தோத்தாரு.

— இதுல தீட்டு எந்தத் துண்டுங்க?

— எதுலயும் இல்ல.

— சாமி குத்தம்?

— அதுவும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிம்மா. அன்னிக்கு மலைமேல இருந்த கூட்டத்துல எவன் மூச்சுலேர்ந்தோ ஒட்டிக்கிச்சு.

— கூட்டத்துலயா?

— ஆமா. தீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மாமியாருகிட்ட தைரியமா போய்ச் சொல்லு.

— அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வீட்ல யாருமே என்னை ஒரு வார்த்த சொல்லல. நான் தூரம்னு அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நாங்க மலைக்கே போயிருக்க மாட்டோம்.